பல்லுப் படாத மாத்திரை

அந்த வருஷம் மாத்தளைப் பக்கம் ஒரு மனிதர் கட்டிலில் படுத்துச் செத்தால், கொடுத்து வைத்தவர் என்று சொல்லிவிட்டு ஊர் தன் பாட்டைப் பார்க்கும். எண்பத்தொன்பதாம் வருஷம் அது, கிளர்ச்சிக்காரர்களும் அவர்களை அடக்க வந்த படையும் மாறி மாறி ஆட்களைக் கொன்ற காலம். விடிந்தால் பாதையோரத்தில் எரிந்தும் எரியாமலும் யாராவது கிடப்பார்கள். யார், எவர் என்று கேட்க ஒருவருக்கும் நாக்கு எழாது. திடீர் மரணங்களை விசாரிப்பதற்கென்றே நியமிக்கப்பட்ட கொரனர் அப்துல் ஸமத்தை அந்த உடல்களுக்கு யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் மனிதர் கேள்வி கேட்டுத் தொலைப்பார் என்ற பயம்தான்.

ஆகவே அவர் மாத்தளை டவுனில் தன் வீட்டு விறாந்தையில் சும்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நோபர்ட் உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்ததால் அவனுக்கும் வேலை இல்லை. கணக்கு வாத்தியார். கொரனரை, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, 'நானா' என்றுதான் கூப்பிடுவான். நல்ல மூளைதான், ஆனால் வாய் அதைவிட வேகமாக ஓடும். கொரனரைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு விசாரணைக்குப் போவதும், அவருக்கு முன்னால் கொலைகாரனைக் கண்டுபிடிப்பதும் அவனுடைய பெரிய ஆசைகள். முதலாவது மட்டும் இதுவரை நிறைவேறியிருந்தது.

அன்று காலையில் யட்டவத்தயிலிருந்து லெட்சுமணன் என்பவர் சைக்கிளில் வந்து இறங்கினார். மூச்சு வாங்கியது. கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே பேசத் தொடங்கினார்.

"கொரனர் ஐயா, எங்க பக்கத்து வீட்டு ரபாயேல் ஐயா நேத்துப் பொழுதோட ஆஸ்பத்திரியில செத்துட்டாருங்க. மருந்து உடம்புல அளவுக்கு மிஞ்சிப் போச்சுன்னு டாக்டர் சொல்றாரு. மருமக லூசியாதான் நஞ்சு வச்சான்னு செத்தவரோட தங்கச்சி திரேசம்மா சொல்லுது. தோட்டத்து லயத்துச் சனம் எல்லாம் பேய் கூட்டிட்டுப் போச்சுன்னு சொல்லுது."

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார் ஸமத்.

லெட்சுமணன் தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "நானும் அந்தச் சத்தத்தைக் கேட்டேனுங்க. சொன்னா சிரிப்பீங்க."

"இந்த வருஷம் நான் எதுக்கும் சிரிக்கல்ல. சொல்லுங்க."

ரபாயேலின் மனைவி மரிய கொறற்றி போன வருஷம் இறந்தவள். பல் போனவள். பொழுது சாயும் நேரத்தில் பித்தளைப் பாக்குரலில் டொக் டொக்கென்று வெற்றிலை இடிப்பாள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் அயலில் விளக்கேற்றுவார்களாம். அவள் செத்தபோது அந்த உரலையும் பெட்டிக்குள் கால்மாட்டில் வைத்துத்தான் அடக்கம் செய்தார்கள். ஊரே பார்த்தது. அப்படியிருக்க, கொஞ்ச நாளாக அதே பொழுதில் அதே சத்தம் ரபாயேலின் பூட்டிய அறைக்குள்ளிருந்து கேட்டதாம். லூசியா கதவைத் தட்டித் திறக்கச் சொன்னால், கிழவர் கை நடுங்கக் கதவைத் திறந்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் நிற்பாராம். பிறகு இரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கொறற்றி வந்திருக்கிறாள், சுவரோரம் நிற்கிறாள் என்பாராம்.

"அவரு செத்த பிறகு?"

"ஒரு சத்தமும் இல்லீங்க. வந்த வேலை முடிஞ்சு போச்சு." லெட்சுமணன் சிலுவை போடாத குறைதான். அவர் மாரியம்மன் கோயில்காரர். "ஆனா அதுக்கு நான் வரல்லீங்க. திரேசம்மா ஆமி முகாமுக்குச் சொல்லி அனுப்பிட்டா. பொழுது சாயிறதுக்குள்ள ஜீப் வருமாம், லூசியாவை ஏத்திட்டுப் போக. அவ புருஷன் ஞானரட்ணத்தையும் ஒரு ஜீப்புலதான் ஏத்திட்டுப் போனாங்க, தையில. இன்னும் வீடு திரும்பல்ல."

ஸமத் எழுந்து தொப்பியை எடுத்தார். அவ்வளவு சீக்கிரத்தில் அவர் எழுந்து நோபர்ட் பார்த்ததில்லை. அந்த வருஷத்தில் ஜீப்பில் ஏறிய பெண்ணுக்கு என்ன நடக்கும் என்பதை அந்த விறாந்தையில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வழியில் ரபாயேல் செத்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் இறங்கினார்கள். டாக்டர் இளம் சிங்களப் பையன். தூங்கி நாளாகிய முகம். உடலை ஏன் வீட்டுக்குக் கொடுத்தீர்கள் என்று ஸமத் கேட்டபோது, பிண அறையில் இடமில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

மூச்சிரைப்புக்காரரான ரபாயேலுக்கு முன்பு சின்ன மாத்திரைகள் கொடுத்து வந்தார்கள். அண்மையில் அதை மாற்றிப் பெரிய மஞ்சள் மாத்திரை கொடுத்தான் டாக்டர். அது புது மாதிரி மாத்திரை. நாளுக்கு ஒன்று போதும். வயிற்றுக்குள் போய்ப் பகலும் இரவுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

"கடிச்சு உடைச்சா?" என்று சிங்களத்தில் கேட்டார் ஸமத்.

"உடைத்தால் ஒரு நாள் மருந்து முழுவதும் ஒரே மூச்சில் இரத்தத்தில் இறங்கும். நெஞ்சு குதிரைபோல் ஓடும். வாந்தி, நடுக்கம், வலிப்பு, இல்லாதது எல்லாம் கண்ணில் தெரியும். தினமும் அப்படி நடந்தால் பலவீனமான இருதயம் நின்றுவிடும். அவருக்கு அப்படியேதான் இருந்தது. அதனால்தான் உயிரோடு இருக்கும்போதே கேட்டேன், மாத்திரையைக் கடித்தீர்களா என்று. கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் பண்ணினார். பல்லே படவில்லை டாக்டர், நீங்கள் சொன்னது சொன்னபடி செய்தேன் என்றார். மாத்திரைப் போத்தலையும் பார்த்தேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சரியாக இருந்தது."

வெளியே வந்ததும் நோபர்ட் மோட்டார் சைக்கிளை உதைக்காமலே சொன்னான்: "நானா, முடிஞ்சு போச்சு. சிலுவையைப் பிடிச்சுக்கிட்டு ரபாயேல் ஐயா பொய் சொல்ல மாட்டாரு, மாதா கோயில்ல வாசகம் வாசிக்கிற மனுஷன். அவர் கடிக்கல்ல. போத்தல்லயும் கூடுதலா எடுக்கல்ல. அப்ப வெளியிலருந்துதான் யாரோ மேல மேல குடுத்திருக்கணும். போத்தல் வச்சிருக்கிற அலுமாரிச் சாவி லூசியா கையில. அவ கல்யாணத்துக்கு முந்தி ஒரு டிஸ்பென்சரியில வேலை செஞ்சவளாம், லெட்சுமணன் சொன்னாரு."

"கணக்கு சரியா வருது, தம்பி," என்றார் ஸமத் பின்னால் ஏறிக்கொண்டே. "கேள்வியைச் சரியா எழுதினோமான்னுதான் தெரியல்ல."

ரபாயேலின் வீடு யட்டவத்தயைத் தாண்டி, கொக்கோவும் மிளகும் நிறைந்த ஒரு சரிவில் இருந்தது. நண்பகலிலும் அங்கே வெளிச்சம் இலைகளில் வடிகட்டித்தான் இறங்கியது. கொக்கோக் காய்கள் அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு தொங்கின. நோபர்டுக்கு அந்தக் காய்களைப் பிடிக்கவில்லை. மரத்தில் வளர வேண்டிய இடத்தில் வளராமல், யாரோ கொண்டுவந்து அறைந்து வைத்ததுபோல் இருந்தன. ஈரமும் புளித்த வாடையுமாக ஒரு காற்று வந்தது. வீட்டு நாய் குரைக்கவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை.

முன் ஹோலில் ரபாயேல் சவப்பெட்டிக்குள் கிடந்தார். தாடையை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். கண்களை எத்தனை தடவை மூடினாலும் ஒரு கண் கொஞ்சம் திறந்துகொள்கிறது என்று அங்கிருந்த ஒருத்தி குசுகுசுத்தாள். அந்தக் கண் ரபாயேலின் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. நோபர்ட் அந்தப் பக்கம் போகாமல் சுவரோரமாகச் சுற்றிப் போனான்.

தலைமாட்டில் செபமாலையுடன் இருந்தாள் திரேசம்மா. நாலந்தாவில் இருப்பவள், ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து அண்ணனைப் பார்க்க வருகிறவள். கட்டுறுதியான பெண். அழுது முடித்துவிட்டு இப்போது கோபத்தில் இருந்தாள்.

"கொரனர் ஐயா, நீங்க எழுதுறத எழுதுங்க. நான் பார்த்ததை நான் சொல்லிட்டேன். எங்க ஞானரட்ணம் போன நாள்லருந்து இவளுக்கு இந்த வீட்டுல ஒட்டு இல்ல. கிழவரும் போனா காணியை வித்துட்டு ஓடிப்போகலாம்னு பார்க்கிறா."

லூசியா அடுப்பெரியாத குசினி வாசலில் நின்றாள். முப்பது வயதிருக்காது. திருப்பி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஸமத் அவளைப் பின்வாசலுக்குக் கூட்டிப்போய் ஒரு வாங்குப் பலகையில் உட்காரச் சொன்னார்.

"மகள், மாத்திரையை யாரு எடுத்துக் குடுக்கிறது?"

"நான்தாங்க. பொழுதோட ஒண்ணு. மாமா கையில வாங்கிட்டு அறைக்குள்ள போயிருவாரு. செபம் சொல்லிட்டு எடுக்கிறேன்னுவாரு. நான் பின்னால போக மாட்டேன்."

"அந்தச் சத்தம் எப்ப தொடங்கிச்சு?"

லூசியா யோசித்தாள். "பெரிய மாத்திரை குடுக்கத் தொடங்கின கிழமைதான். மொதல் நாள் மாமாவுக்கு அது தொண்டையில சிக்கிக் கண்ணெல்லாம் தண்ணி. ரெண்டு மூணு நாள் அப்படித்தான் தவிச்சாரு. ஞாயித்துக்கிழமைக்குப் பிறகு ஒரு கஷ்டமும் இல்ல, சுகமா எடுத்துக்கிட்டாரு. அன்னைக்குத்தான் சத்தமும் கேட்டிச்சு." அவள் முந்தானையைக் கையில் சுற்றினாள். "அந்த உரலை மாமி கால்மாட்டில வச்சது என் கையாலதாங்க. பெட்டி மூடுறதுக்கு முந்தி மாமாதான் கடைசியாக் குனிஞ்சு கும்பிட்டாரு. அந்த வெயில்ல கோட்டு வேற போட்டிருந்தாரு பாவம். மூடினதுக்குப் பிறகு யாரும் திறக்கல்ல. அப்ப அந்தச் சத்தம் எங்கருந்துங்க வரும்?"

ஸமத் வேறொன்று கேட்டார். "ஜீப் வருதுன்னு தெரியுமில்லையா? டவுனுக்கு எங்க வீட்டுக்கு வந்துருங்களேன். ஜுனைதா இருக்கா, எங்க பொஞ்சாதி. ரெண்டு நாளைக்கு யாருக்கும் தெரியாது."

"ஓடிப்போனா நான்தான் செஞ்சேன்னு ஆயிரும்." லூசியா சரிவுப் பாதையைப் பார்த்தாள். "அதுவும் இல்லாம, அவரை எங்கயாவது விட்டுட்டாங்கன்னா நேரா இங்கதானே வருவாரு. நான் இல்லாட்டி எங்க போய்த் தேடுவாரு?"

நோபர்டுக்குத் தன் கணக்கு மீது முதல் தடவையாக வெறுப்பு வந்தது. வெயிலில் வந்ததும் பிண வாடையும் சேர்ந்ததில் தலையும் இடித்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு தலைவலி மாத்திரையை எடுத்து நாக்கில் வைத்து வாயை மூடிக்கொண்டான். லூசியா தண்ணீர் கொண்டுவர எழுந்தாள். அவன் வேண்டாம் என்று கை காட்டினான். முகம் பாகற்காய் தின்றவன்போல் கோணியது.

ஸமத் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணியோட விழுங்கினா என்ன? இல்லாட்டி கடிச்சு முழுங்குறதுதானே. ஏன் இந்தப் பாடு?"

மாத்திரை கரைந்து முடியும்வரை நோபர்ட் பேசவில்லை. பிறகு வெட்கத்தோடு சிரித்தான். "பழக்கதோஷம் நானா. சின்னதுல நற்கருணை எடுக்கப் பழக்கும்போது, அப்பத்தில பல்லுப் படக்கூடாது, நாக்குலயே கரையணும்னு படிச்சுக் குடுத்தாங்க. கடிச்சா வாயெல்லாம் ரத்தம் வரும்னு ஒரு சிஸ்டர் சொல்லிச்சு. எங்களோட படிச்ச ஒருத்தன் கடிச்சுப் பார்த்துட்டு அன்னைக்கு ராத்திரி முழுக்கக் கண்ணாடியில வாயைப் பார்த்துக்கிட்டே இருந்தான். அதுல இருந்து வெள்ளையா வட்டமா எதை நாக்குல வச்சாலும் எனக்குப் பல்லுக் கிட்டப் போகாது."

"மாமாவும் அப்படித்தாங்க," என்றாள் லூசியா. "பழைய சின்ன மாத்திரையை அப்படியே நாக்குல வச்சுக் கரைப்பாரு. இது பெருசு, மேல வழுவழுன்னு ஒரு தோல். கரையவே இல்ல."

ஸமத் வாங்கிலிருந்து மெதுவாக எழுந்தார். "மகள், மாமா செபம் சொல்ற இடத்தைக் காட்டுங்க."

அறை சின்னது. ஒரே ஜன்னல், அதையும் மிளகுக் கொடி மறைத்திருந்தது. கட்டிலுக்கு எதிரே ஒரு மரத்தட்டில், சின்னப் பெட்டியொன்றின் மேல் மாதா சொரூபம், கொறற்றியின் படம், உருகிய மெழுகுதிரி. படத்தில் கொறற்றி வாயை இறுக மூடிக்கொண்டு நேராகப் பார்த்தாள். நோபர்ட் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவளும் அந்தப் பக்கம் பார்த்தாள். விரிப்புத் துணியில் வெள்ளையாக ஏதோ சிந்தியிருந்தது. மெழுகு என்றான் நோபர்ட். ஸமத் அதை விரலால் தொட்டார். மெழுகு ஒட்டும், இது விரலில் பொடியாக வந்தது.

"சொரூபம் வச்சிருக்கிற அந்தப் பெட்டியைப் பார்க்கணும். நான் தொடுறது சரியில்ல. நீங்க தூக்குங்க, தம்பி."

நோபர்ட் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மாதாவைத் தூக்கினான். கீழே இருந்த மரப்பெட்டியின் மூடியைத் திறந்தவன் கையை இழுத்துக்கொண்டான். உள்ளே, சிவப்புத் துணியில் சுற்றி, ஒரு பித்தளைப் பாக்குரலும் உலக்கையும் இருந்தன. புதைத்த உரல். அவனுக்கு முதுகு சில்லிட்டது. இத்தனைக்கும் பேய் பிசாசு இல்லையென்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன்.

உரலின் அடியில் வெற்றிலைக் கறை காய்ந்திருந்தது. அதன் மேல் வெள்ளைப் பொடி. பொடிக்குள் மஞ்சள் தோல் துணுக்குகள்.

"ஒரு தடவை இடிங்க," என்றார் ஸமத்.

"நான் இடிக்கிறதா?"

"கதவைச் சாத்திட்டு இடிங்க. மெதுவா."

நோபர்ட் இடித்தான். டொக், டொக். ஹோலில் செபம் நின்றது. ஒரு கோப்பை விழுந்து உடைந்தது. யாரோ முற்றத்துக்கு ஓடும் சத்தம். கதவைத் திறந்தபோது திரேசம்மா சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், லூசியா சுவரோடு சுவராக ஒட்டியிருந்தாள். லெட்சுமணன் கொக்கோ மரங்களுக்கு நடுவில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். திறந்த ஒற்றைக் கண்ணோடு ரபாயேல் மட்டும் அப்படியே கிடந்தார்.

"இந்தச் சத்தம்தானா?" என்று கேட்டார் ஸமத்.

லூசியா சுவரில் ஒட்டியபடியே தலையாட்டினாள்.

அவர் எல்லோரையும் ஹோலில் உட்கார வைத்தார். லெட்சுமணனைக் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டியிருந்தது. உரலை ஒரு முக்காலியில் வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். அவருடைய குரல் எப்போதும்போல் தணிந்தே இருந்தது, ஆனால் கண் அடிக்கடி வாசலுக்குப் போனது. மரங்களுக்கிடையில் வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது.

"செத்தவங்க யாரும் வரல்ல. பொஞ்சாதியோட உரலை மண்ணுக்குக் குடுக்க ரபாயேல் அண்ணனுக்கு மனசு வரல்ல. கடைசியாக் குனிஞ்சு கும்பிட்டப்ப அதை எடுத்துக் கோட்டுக்குள்ள வச்சுக்கிட்டாரு. வேற எதுக்கு அந்த வெயில்ல கோட்டு? செத்தவங்க பொருளைத் திருடிட்டோம்னு ஒரு வெட்கம். அதனாலதான் பூட்டின அறை, அதனாலதான் மாதாவுக்குக் கீழ ஒளிச்சு வச்சது. அதுக்காக அவரை யாரும் குறை சொல்ல வேணாம்."

லூசியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டாக்டர் அவருகிட்ட மாத்திரையைக் கடிக்காதீங்கன்னாரு. ஏன்னு விளக்கிச் சொல்லியிருப்பாரு. ஆனா இவருக்கு விளக்கம் தேவைப்படல்ல. கடிக்கக் கூடாதுங்கிற சட்டத்தைப் பால்குடி மறந்த வயசுல இருந்து அனுசரிக்கிற மனுஷன். பல்லுப் படக்கூடாது, அவ்வளவுதானே? படாமப் பார்த்துக்கிட்டாரு. சிலுவையைப் பிடிச்சு உண்மையைத்தான் சொன்னாரு. ஆனா தொண்டையில சிக்குற மாத்திரையை என்ன செய்றதுன்னு அவருக்குத் தானா தோணல்ல. மூணு நாள் தவிச்சிருக்காரு." அவர் சற்று நிறுத்தினார். "ஞாயித்துக்கிழமைக்குப் பிறகு தவிக்கல்ல."

"அதுக்கு நான்தான் வழி சொன்னேன்," என்றாள் திரேசம்மா. தலையை நிமிர்த்தித்தான் சொன்னாள். "அண்ணன் சின்னப்பிள்ளை மாதிரி அழுதாரு. இவ பார்த்துக்கிட்டுத்தானே இருந்தா? நான்தான் சொன்னேன், கடிக்கத்தானே வேணாம்னாங்க, பொடிச்சு நாக்குல வச்சுக் கரைச்சுக்கங்க, நற்கருணை எடுக்கிற மாதிரின்னு. அடுத்த கிழமை வந்தப்ப என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. அந்தக் கரிசனை இவளுக்கு இருந்திச்சா?"

நோபர்டின் வாய் திறந்தது. ஸமத்தின் கை அவன் முழங்காலில் அழுந்தியது. வாழ்நாளில் முதல் தடவையாக அவனுடைய மூளை வாயை முந்திக்கொண்டது.

ஸமத் உரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தெரிந்துதான் பேச்சை அங்கே நிறுத்தினார். ஆனால் இத்தனை பெருமையோடு அந்தப் பதில் வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். மீதியைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பெண் மனநிம்மதியோடு செத்துப்போகலாம். சொல்லாமல் விட்டால் லூசியா ஜீப்பில் ஏறுவாள். சரிவுக்குக் கீழே, இன்னும் தூரத்தில், ஒரு எஞ்சின் கியர் மாற்றி மேட்டில் ஏறும் ஓசை கேட்டது. அதை எல்லோரும் கேட்டார்கள்.

"தங்கச்சி," என்றார் அவர். "அந்த மாத்திரை நாள் முழுக்க மெதுவாக் கரைய வேண்டியது. கடிக்க வேணாம்னு சொன்னது பல்லுக்காக இல்ல, உடையக்கூடாதுன்னுதான். பல்லுல உடைஞ்சாலும் உரல்ல உடைஞ்சாலும் ஒண்ணுதான். ஒரு நாள் மருந்து ஒரே நேரத்துல நெஞ்சுல இறங்கியிருக்கு. தினமும். அதனாலதான் போத்தல்ல கணக்கு சரியா இருந்திச்சு. இந்தப் பிள்ளை குடுக்க வேண்டியதைத்தான் குடுத்திச்சு. அவரைக் கொல்லணும்னு யாரும் நினைக்கல்ல. யாரும்."

திரேசம்மா அவரைப் பார்த்தாள், உரலைப் பார்த்தாள். கணக்குப் புரியாத பிள்ளையின் முகத்தில் அது புரியும் கணத்தை நோபர்ட் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். அப்படியொரு கணத்தை இனி ஒருபோதும் பார்க்கக் கூடாது என்று அப்போது நினைத்தான். அவள் கையிலிருந்த செபமாலை மடியில் இறங்கி, மடியிலிருந்து தரையில் இறங்கியது.

ஜீப் முற்றத்தில் வந்து நின்றது. எஞ்சினை நிறுத்தவில்லை. சார்ஜன்ட் ஒருவர் சப்பாத்துக் காலோடு உள்ளே வந்தார், பின்னால் துப்பாக்கியோடு இருவர். பெட்டியைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். பிறகு சிங்களத்தில் கேட்டார்: "கிழவருக்கு நஞ்சு வைத்த பெண் யார்?"

லூசியா எழுந்து நின்றாள்.

அதற்குள் திரேசம்மா எழுந்து அவளுக்கு முன்னால் போய் நின்றாள். "அது நான்தான்," என்றாள் தமிழில். "இவ இல்ல. நான்தான் அண்ணனைக் கொன்னேன். என்னை ஏத்திக்கிட்டுப் போங்க."

சார்ஜன்ட்டுக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற நோபர்டைப் பார்த்தார். "என்ன சொல்கிறாள்?"

நோபர்ட் கொலைகாரரைக் கண்டுபிடித்துச் சொல்ல ஆசைப்பட்ட காலமெல்லாம் இந்த ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தான். இப்போது வீடே அவன் வாயைப் பார்த்தது. ஒற்றைக் கண்ணால் ரபாயேலும் பார்த்தார்.

"தான் சொன்னது பிழையாம்," என்றான் சிங்களத்தில். "துக்கத்தில் பேசிவிட்டாளாம். அண்ணனுடைய சாவு கடவுள் விட்ட வழி என்கிறாள்."

ஸமத் முன்னால் வந்தார். தான் இந்தப் பகுதிக் கொரனர் என்று சொன்னார். மருந்தைப் பொடி செய்து எடுத்ததால் தவறுதலாக நேர்ந்த மரணம், டாக்டரும் அதற்குச் சாட்சி, வேண்டுமானால் இப்போதே போய்க் கேட்கலாம் என்றார். உரலை எடுத்து நீட்டினார். சார்ஜன்ட் அதை வாங்கவில்லை. திரேசம்மாவை ஒரு தடவையும் லூசியாவை நீண்ட நேரமும் பார்த்தார். அந்த நேரம் முழுக்க வெளியே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் தொப்பியைப் போட்டுக்கொண்டு, இன்றைக்கு இன்னும் நாலு இடம் போக இருக்கிறது என்று தனக்குள் சொல்வதுபோல் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்த நாலு இடங்கள் எவை என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஓசை சரிவில் தேய்ந்து மறைந்தது. வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது, விளக்கேற்ற யாருக்கும் தோன்றவில்லை.

"கொரனர் ஐயா," என்றாள் திரேசம்மா. "நான் பல்லுப் படாமத்தானேங்க எடுக்கச் சொன்னேன்?"

தன் கடமையைச் சரியாகச் செய்துவிட்ட ஸமத்தின் முகம் இப்படி வாடி நோபர்ட் பார்த்ததில்லை. அவர் உரலைச் சிவப்புத் துணியில் சுற்றி லூசியாவின் கையில் கொடுத்தார்.

"நான் போயிட்டு வாறேன்," என்று திரேசம்மா செருப்பைத் தேடினாள். ஒரு செருப்புத்தான் அகப்பட்டது. அதை மட்டும் மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கப் போனாள். அண்ணனின் அடக்கத்துக்கு நிற்கத் தனக்கு உரிமை இல்லையென்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

லூசியா போய் அவளுடைய முழங்கையைப் பிடித்தாள். மெதுவாகப் பிடிக்கவில்லை, வலிக்கிற மாதிரித்தான் பிடித்தாள். காலையிலிருந்து அவளுக்குள் அடங்கிக் கிடந்த கோபமெல்லாம் அந்தப் பிடியில் இருந்தது.

"எங்க போறீங்க சின்னம்மா? அந்த ஜீப் இன்னும் பாதையிலதான் இருக்கும்," என்றாள். "உள்ள வாங்க."